முடிவுத் திகதி இல்லாத பத்தியம்

குருநகரில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் முதலில் குற்றஞ்சாட்டப்படுவன இறாலும் நண்டும்தான். 'கிரந்திச் சாமான், நிறுத்து' என்று வைத்தியர் முதல் அயலவர் வரை தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். எத்தனை நாளைக்கு என்று எவரும் சொல்வதில்லை. கடலை நம்பிய ஊரிலே, கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் புரதத்தை ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் விலக்கி வைக்கிறது. பாணும் பருப்பும் வெங்காயமும் எவ்வித விசாரணையுமின்றிக் கோப்பைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

ஒடியற்கூழை எடுத்துக்கொள்வோம். நண்டு, இறால், மீனுடன் பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, செத்தல் மிளகாய், புளி, ஒடியல் மா எல்லாம் ஒரே பானையில் வேகின்றன. குடித்தபின் வயிறு ஊதினால், பலாக்கொட்டையை விட்டுவிட்டு நண்டைப் பிடிப்பதற்கு என்ன ஆதாரம்?

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீற்றர் கிப்சனும் சூ ஷெப்பேர்டும் 2005 இல் 'ஃபொட்மாப்' என்ற கருத்தை முன்வைத்தனர். சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் காபோவைதரேற்றுகளை இச்சொல் குறிக்கும். வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு வகைகள், பால் ஆகியவற்றில் இவை உண்டு; மீனிலும் நண்டிலும் இல்லை. எங்கள் சின்ன வெங்காயம் இப்பட்டியலின் முன்வரிசையில் நிற்பது யாழ்ப்பாணத்தாருக்குக் கசப்பான செய்திதான். ஐயத்துக்குரியவற்றை 2 முதல் 6 வாரங்கள் நிறுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீங்கு செய்யாதது கோப்பைக்குத் திரும்பும். இரண்டாவது பாதி இல்லாவிடின் முதற்பாதி வெறும் பட்டினி.

இது மேலைத்தேயச் சரக்கு என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று சொல்வேன். மருந்து முடிந்தபின் படிப்படியாக வழமையான உணவுக்குத் திரும்பும் 'மறுபத்தியம்' சித்த வைத்தியத்திலேயே உண்டு. நாம்தான் பத்தியத்தைப் பிடித்துக்கொண்டு மறுபத்தியத்தை மறந்தோம்.

இன்னொன்று. ஐஸ் இன்றி வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேரும்; சமைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவக்கும், வயிற்றோட்டமும் வரலாம். உடனே 'உனக்கு மீன் ஒத்துவராது' என்கிறார்கள். குற்றம் ஐஸ் வைக்காதவருடையது.

இறால் உண்டதும் உதடு வீங்கி மூச்சு முட்டுபவர் வீட்டில் பரீட்சை செய்து பார்க்கலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ காரணமின்றி உடல் மெலிந்தாலோ வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். கோதுமையை நிறுத்த எண்ணுவோர், நிறுத்துமுன் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நிறுத்தியபின் செய்தால் நோய் இருந்தும் தெரியாமற் போகலாம். ஏனையோர் விடயத்தில், பத்தியம் எழுதும் வைத்தியர்கள் அதே துண்டில் முடிவுத் திகதியையும் எழுதட்டும்.