தாய்மார்மேல் சுமத்திய பழி

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கும்போதோ, மகள் திருமணமே வேண்டாவென மறுக்கும்போதோ அது வெளிப்படுகின்றது. தம் பாலினத்தார் மீதே தமக்கு ஈர்ப்பு உண்டென்று பிள்ளைகள் கூறுகின்றனர். இதனை இன்று தன்பாலீர்ப்பு என வழங்குகின்றோம். அதைக் கேட்ட மறுகணமே பெற்றோர் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகின்றனர். இது மனநோய், ஆதலால் மருத்துவரிடம் காட்டித் தீர்க்க வேண்டும் என்பது ஒன்று. இது வளர்ப்பில் நேர்ந்த பிழை, ஆதலால் தாயே பொறுப்பு என்பது மற்றொன்று. முன்னது பிள்ளையை வதைக்கின்றது. பின்னது தாயை வதைக்கின்றது. இவ்விரண்டும் உளவியல் கண்ட உண்மைகள் என்று நம்மிடையே கற்றவரும் கருதுகின்றனர். இவை உண்மையல்ல என்பதையும், இவற்றைப் பரப்பிய துறையே இவற்றைக் கைவிட்டுவிட்டது என்பதையும் ஈண்டு நிறுவ விழைகின்றோம்.

பிராய்டு கூறியது என்ன?

உளப்பகுப்பாய்வின் தந்தையாகிய சிக்மண்ட் பிராய்டின் பெயரைச் சொல்லியே பலர் இதனை நோயென்பர். அவர் எழுதியவற்றை நோக்கின், அவர் அவ்வாறு கூறவில்லை என்பது புலனாகும். பாலியல் பற்றி 1905-இல் அவர் வெளியிட்ட மூன்று கட்டுரைகளும், பின்னர் அவற்றில் அவர் சேர்த்த குறிப்புகளும், இருபாலாரையும் நாடும் இயல்பு மாந்தர் அனைவரிடத்தும் தொடக்கத்தில் உண்டென்று கூறுகின்றன. ஆண் பெண்ணை நாடுவதற்கும் விளக்கம் தேவை என்பது அவர் கருத்து.

1920-இல் அவர் எழுதிய ஆய்வுரை பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி மற்றொரு பெண்ணை விரும்பினாள். அவளை மாற்றித் தருமாறு வேண்டிப் பெற்றோர் பிராய்டிடம் அழைத்து வந்தனர். அவள் எவ்வகையிலும் நோயுற்றவள் அல்லள் என்றே அவர் எழுதினார். தானாக வாராமல் பிறர் விருப்பத்தின்பொருட்டு வருபவரிடம் பகுப்பாய்வு பயன் தருவது அரிது என்றார். முழுமையாக உருவாகிவிட்ட தன்பாலீர்ப்பை மாற்ற முயல்வது, எதிர்ப்பாலாரை நாடுபவரைத் தன்பாலாரை நாடச் செய்ய முயல்வதைப் போன்றே வெற்றிக்கு வாய்ப்புக் குறைந்தது என்றும் எச்சரித்தார். 1935-இல் தம் மகனைக் குறித்து எழுதிக் கேட்ட அமெரிக்கத் தாய் ஒருவருக்கும், இதில் வெட்கப்பட ஏதுமில்லை, இதனை நோயென வகைப்படுத்த இயலாது என்றே விடையிறுத்தார். பாலியல் வளர்ச்சி ஓரிடத்தில் தடைப்படுவதால் இது விளைகின்றது என்ற அவர் கருத்தை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயின் நோயென்ற தீர்ப்பை அவர் தலையில் கட்டுவது முறையன்று.

பழி பிறந்த இடம்

பிராய்டு 1939-இல் மறைந்தார். அதன்பின் அமெரிக்காவில் அவர் வழிவந்தோர் அவர் கருத்தைத் தலைகீழாக்கினர். இருபாலாரையும் நாடும் இயல்பு என ஒன்றில்லை என்று சாண்டர் ராடோ 1940-இல் வாதிட்டார். தன்பாலீர்ப்பு அச்சத்தில் பிறந்த நோய் என்ற கொள்கை வலுப்பெற்றது. 1962-இல் இர்விங் பீபரும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட நூல் அதற்கு ஆய்வுக்கோலம் தந்தது. பிள்ளையை அளவுகடந்து நெருங்கி அணைக்கும் தாய், ஒட்டாமலோ பகைத்தோ நிற்கும் தந்தை, இவ்விருவர் நடுவே இவ்வீர்ப்பு உருவாகின்றது என்பது அதன் முடிபு.

இம்முடிபு எதன்மேல் நின்றது? தன்பாலீர்ப்புடைய ஆடவர் 106 பேர், ஒப்பீட்டுக்காக ஏனையோர் 100 பேர். இவர்கள் அனைவரும் மனத்துயரால் பகுப்பாய்வாளரை நாடி வந்தவர்கள். வினாத்தாள்களை நிரப்பியவர்கள் அவர்தம் மருத்துவர்கள். தாயையோ தந்தையையோ எவரும் நேரில் கண்டு கேட்டாரில்லை. குற்றம் சாட்டப்பட்ட தாயின் வாக்குமூலம் இல்லாமலே தாய்க்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணிவிட்டு ஊரெல்லாம் நோயென்பது எவ்வகை அறிவியல்?

இக்கொள்கையை நம் இல்லங்களிலேயே பொருத்திப் பார்ப்போம். பிலாய் எஃகு ஆலையில் இரவுப்பணி பார்த்துப் பகலில் உறங்கிய தந்தையர் நம்மிடையே எத்துணைபேர்! எல்லைப்புறத்தில் காவல் நின்று ஆண்டுக்கொருமுறை விடுப்பில் வந்தவர் எத்துணைபேர்! மொழி தெரியாத ஊரில், சுற்றத்தார் துணையின்றி, பிள்ளைகளைக் கைக்குள் வைத்து வளர்த்த தாய்மாரோ எண்ணிலர். நெருங்கிய தாயும் விலகிய தந்தையுமே இதற்குக் காரணமெனின், குடிபெயர்ந்தோர் குடியிருப்புகளில் பெரும்பாலான பிள்ளைகள் தன்பாலீர்ப்புடையோராய் வளர்ந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பிழைப்பின் நிமித்தம் அமைந்த வாழ்க்கை முறையை நோயின் தோற்றுவாய் என்று கூறியதன்றி அக்கொள்கை வேறொன்றும் கண்டதில்லை.

வியன்னாவின் இல்லங்களைக் கண்டு வகுத்த விதி எங்கும் பொருந்தாது என்பதை நம் நாட்டறிஞர் ஒருவர் அன்றே உணர்ந்திருந்தார். 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தோற்றுவித்த கிரீந்திரசேகர போசு, தம்மிடம் வரும் இந்தியரின் மனப்போக்கு ஐரோப்பியரின் மனப்போக்கினின்று சில கூறுகளில் வேறுபடுவதைப் பிராய்டுக்கே எழுதினார். அத்துணிவு பின்வந்த நம் மருத்துவர் பலரிடம் இல்லை. நடத்தை மாற்று முறையால் தன்பாலீர்ப்பைப் போக்க முயன்ற செய்தியைக் கூறும் கட்டுரை 1982-இலும் இந்திய உளமருத்துவ இதழில் வெளிவந்தது.

சோதித்தவர் கண்டது

மருத்துவரை நாடாதவரைச் சோதித்தால் என்ன தெரியும் என்று கேட்டவர் ஈவ்லின் ஊக்கர் என்னும் உளவியல் அறிஞர். தன்பாலீர்ப்புடைய ஆடவர் 30 பேரையும் ஏனைய ஆடவர் 30 பேரையும் வயது, கல்வி, அறிவுத்திறன் ஆகியவற்றால் இணையிணையாகத் தெரிந்தெடுத்தார். மைக்கறைச் சோதனை முதலான மூன்று சோதனைகளை நடத்தினார். விடைத்தாள்களைப் பெயர் மறைத்து, அச்சோதனைகளில் வல்லவரான அறிஞர்களிடம் தந்தார். எவை தன்பாலீர்ப்புடையோர் விடைகள் என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. மனநலத்திலும் இரு சாரார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. 1957-இல் இம்முடிவு அச்சேறியது.

'நோய்ப்பட்டியலிலிருந்து இதனை நீக்கியது அறிவியலன்று, வாக்கெடுப்பு' என்று எள்ளி நகையாடுவோர் உளர். நடந்ததை முறையாக அறிதல் நன்று. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் ஆட்சிக்குழு 1973 டிசம்பர் 15-ஆம் நாள் இதனை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஊக்கர் முதலானோரின் ஆய்வுகள் அதற்கு முன்பே வெளிவந்திருந்தன. வாக்கெடுப்பு வேண்டுமென்று கேட்டவர்கள் அம்முடிவை எதிர்த்த பகுப்பாய்வாளர்களே. 1974-இல் நடந்த அவ்வாக்கெடுப்பில் 58 விழுக்காட்டினர் ஆட்சிக்குழுவின் பக்கம் நின்றனர். தாம் கேட்டுப் பெற்ற வாக்கெடுப்பில் தோற்றபின் வாக்கெடுப்பையே பழிப்பது நேர்மையாகுமா? 1990-இல் உலகச் சுகாதாரப் பேரவையும் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. இதனை நோயென நடத்தியமைக்காக அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கம் 2019-இல் மன்னிப்புக் கேட்டது.

'மாறியவர் உண்டே' என்பது அடுத்த வாதம். இராபர்ட்டு சுபிட்சர் 2003-இல் வெளியிட்ட ஆய்வையே பலர் சான்று காட்டினர். 200 பேர் தொலைபேசியில் தாமே கூறியது தவிர அதற்கு ஆதாரம் இல்லை. 2012-இல் சுபிட்சரே அக்குறையை ஒப்பி, துன்புற்றோரிடம் மன்னிப்பு வேண்டினார். சமைத்தவரே கொட்டிவிட்ட உணவை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

நாம் செய்ய வேண்டுவது

நம் நாட்டிலும் நிலைமை தெளிவாகிவிட்டது. 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயது வந்தோர் தம் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதலாகாது என்று 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்பாலீர்ப்புடையோரிடம் மட்டுமன்றி அவர்தம் குடும்பத்தாரிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதியரசர் இந்து மல்கோத்ரா அத்தீர்ப்பில் எழுதினார். தன்பாலீர்ப்பு நோயன்று என்று இந்திய உளமருத்துவர் சங்கமும் அவ்வாண்டிலேயே அறிவித்தது. 2021 ஜூன் 7-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இவ்வீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்தார். தாம் இதனைச் சரிவர அறிய வேண்டுமென்று, அதற்கு முன் உளவியலாளரிடம் சென்று கேட்டுத் தெளிந்தவர் அவர். அத்தகைய மாற்று மருத்துவம் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

ஆகவே, மாற்றித் தருவேன் என்று இன்று கூறும் மருத்துவர் எவராயினும் தம் துறையின் நெறியை மீறுபவரே. அவர்க்குக் காசு கொடாதீர். 'மணம் முடித்தால் சரியாகிவிடும்' என்னும் அறிவுரையையும் கேளாதீர். வேறொரு வீட்டுப் பெண்ணையோ ஆணையோ மருந்தாகப் பயன்படுத்துவது அறமாகாது. கலக்கம் தீரவில்லையெனில், நீதியரசர் சென்றதுபோல் பெற்றோரே நல்ல உளவியலாளரிடம் செல்க. பிள்ளையை இழுத்துச் செல்ல வேண்டா. பொங்கல் விழாவும் முத்தமிழ் விழாவும் எடுக்கும் நம் சங்கங்கள், ஆண்டுக்கு ஒருநாள் பெற்றோர்க்கென அறிஞரை அழைத்து இதனைப் பேசச் செய்தல் இயலாத செயலன்று.

எல்லாவற்றினும் மேலாக, தாயை நோக்கி 'நீ வளர்த்த விதம்' என்று கூறும் நாவை அடக்குவோம். உறவினர் துணையற்ற ஊரில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வளர்த்தவள் அவள். அவ்வணைப்பில் நோய் இருந்ததில்லை. இனியும் அப்பிள்ளைக்கு அவ்வணைப்பு வேண்டும்.