தடிமன் அட்டவணையில் ஒரு சிறு கோடு

லேப்டாப்பின் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்த நினைக்கும்போது விலையையும் கொள்ளளவையும் பார்க்கிறோம். தடிமனைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், அட்டவணையில் <, > குறிகளைக் கண்டவுடன் "இது இன்ஜினியர்களுக்கு" என்று தாண்டிவிடுகிறோம். அங்கேதான் பணம் வீணாகிறது.

2.5 அங்குல டிரைவ்களின் நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். தடிமன் மட்டும் 7, 9.5, 12.5, 15 மிமீ என மாறும். 9.5 மிமீ இடத்தில் 7 மிமீ டிரைவைப் போடலாம். ஆடாமல் இருக்க ஸ்பேசர் என்ற மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். ஆனால் 7 மிமீ இடத்தில் 9.5 மிமீ டிரைவ் நுழையாது. அழுத்தித் தள்ளினால் கனெக்டர் உடையலாம்.

இனி குறிகளுக்கு வருவோம். வாய் திறந்திருக்கும் பக்கம் பெரியது; கூரான பக்கம் சிறியது. அட்டவணையில் பெரும்பாலும் குறியின் இடப்பக்கம் காலியாக இருக்கும். நீங்கள் வாங்கப்போகும் பொருளின் தடிமனை அங்கே வைத்துப் படியுங்கள். "< 9.5 மிமீ" என்றால் 9.5-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். சரியாக 9.5 இருந்தால் அது சேராது. 7 சேரும்.

குறியின் கீழே ஒரு கோடு இருந்தால் கதை மாறுகிறது. "≤ 7 மிமீ" என்றால் 7-ம் சேரும். கீபோர்டில் இதற்குத் தனி கீ இல்லாததால் <= என்றும் அடிப்பார்கள். சிலர் < குறிக்கு அடிக்கோடு போட்டு விடுகிறார்கள். அதைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டும்போது கோடு காணாமல் போகும். பொருந்த வேண்டிய டிரைவ் பொருந்தாது என்று ஆகிவிடும்!

இன்னொரு குழப்பம்: "> 7 மிமீ ஏற்காது". > குறியைப் பார்த்து 7-க்கு மேல் வாங்க வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கும் "≤ 7 மிமீ ஏற்கும்" என்பதற்கும் பொருள் ஒன்றே.

குறிகள் இடத்தை மிச்சப்படுத்தும், எல்லா மொழிக்கும் பொதுவானவை என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பக்கத்திலேயே "7 பொருந்தும், 9.5 பொருந்தாது" என்று அரை வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? அட்டவணை வாங்குபவருக்காகத்தானே!

அதுவரை நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும் முன் உங்கள் லேப்டாப்பின் மாடல் எண்ணையும், அது ஏற்கும் தடிமனையும் ஒரு தாளில் எழுதுங்கள். குறியாக எழுதாதீர்கள், "7 மிமீ வரை" என்று வார்த்தையில் எழுதுங்கள். கடைக்காரருக்கும் புரியும், உங்களுக்கும் ஏமாற்றம் இருக்காது.