ரசிகர் நாடா சான்றாகாதா?

ரசிகர்கள் கைமாற்றிக்கொண்ட கச்சேரி ஒலிநாடா ஆய்வுச் சான்றாகாது என்னும் வாதம் இசை ஆய்வுலகில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் வேர் கண்டிப்பு அன்று, சோம்பல்.

ஜி.என்.பி. 1965இல் மறைந்தார், மதுரை மணி ஐயர் 1968இல். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். விரிந்த ஆலாபனையும் நிரவலும் அதில் எங்ஙனம் அடங்கும்? சபாக்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் வானொலிப் பெட்டியருகிலும் ரசிகர்கள் ஓடவிட்ட ஸ்பூல் நாடாக்களே அவற்றைப் பெரிதும் காத்தன.

அவற்றை மீட்பதும் எளிதன்று. பதிந்த கருவியும் ஒலிக்கும் கருவியும் வேகத்தில் வேறுபட்டால் பாடகரின் சுருதியே மாறிவிடும். அவர் எந்தக் கட்டையில் பாடுவார் என்று அறிந்த செவியே அதனைத் திருத்தவல்லது. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு கண்ட உ.வே.சா.வைப் போற்றும் துறைகள் இதனைப் பொழுதுபோக்கு என்கின்றன!

பதிப்புரிமையைக் காட்டி ஒதுங்குவோர் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படிக்கட்டும். ஆய்வு உள்ளிட்ட தனிப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கையாளுதல் அங்கு மீறலாகாது.

ரசிகர்மீதும் குறையுண்டு. இரைச்சலைத் துடைக்கும் ஆர்வத்தில் சிலர் தம்புராவையும் சேர்த்துத் துடைக்கின்றனர். பாட்டுகளுக்கிடையே மேடையில் பேசியதை வெட்டி எறிகின்றனர். அக்காலப் பேச்சுத்தமிழ் எழுத்தில் சிக்காத வடிவில் கிடப்பது அவ்விடத்தில்தான். திருத்தாத படியையும் அவர்கள் வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள் அதனைக் கேட்டுப் பெற்று, நாடாவின் விவரத்தோடு பட்டியலிட வேண்டும். அதுவரை 'சான்றில்லை' என்று சொல்ல அவற்றுக்கு உரிமையில்லை.