21 கியரில் எந்த ஒன்று?

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மூன்று வருடமாக ஒரு சைக்கிள் சாய்ந்து கிடந்தது. 2020-ல், ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் மகனுக்கு வாங்கியது. 21 கியர். வாங்கிய புதிதில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மாடம்பாக்கம் வரை தினமும் ஒரு சுற்று போய்வருவான். பிறகு ஒரு மழைக்காலம் வந்தது. எங்கள் தெருவில் கேட்டைத் தாண்டித் தண்ணீர் நின்றது.

கியர் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மடங்கிய கை மாதிரி ஒன்று தொங்கும், பார்த்திருப்பீர்கள். டீரெய்லர் என்பார்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. சைக்கிளிலேயே நுணுக்கமான பாகங்களில் ஒன்று, அதைக் கொண்டுபோய்த் தரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்! இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறியதில் அது இறுகிவிட்டது. கேபிள் துருப்பிடித்தது. யாரோ ஸ்கூட்டரை எடுக்கும்போது இடித்ததில் டீரெய்லர் உள்பக்கமாக வளைந்தும் போனது.

மகன் திருச்சிக்குப் படிக்கப் போய்விட்டான். போனில் கேட்டால், "பழைய இரும்புக்குப் போட்டுடுங்கப்பா" என்றான். எனக்கு மனசு வரவில்லை. உருட்டிக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் குனிந்து பார்த்தார்.

"கியர் செட்டு மொத்தமும் மாத்தணும் சார். இல்லேன்னா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு சிங்கிள் ஆக்கிடலாம். யாரு ஓட்டப்போறது?"

"நான்தான்" என்றேன், பெருமையாக. அந்தக் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்காததற்கு அப்புறம் இரண்டாவது முறை கடைக்கு நடக்க வேண்டியிருந்தது.

21 கியரை ஒன்றாக்குவது என்றால் 20-ஐ இழப்பது என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. வீட்டில் உட்கார்ந்து பல்லை எண்ணிப் பார்த்தேன். முன்னால் மூன்று சக்கரம்: 42, 34, 24 பல். பின்னால் 14-லிருந்து 28 வரை ஏழு. முன்னால் 42, பின்னால் 24 என்று போட்டால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் 1.75 சுற்று சுற்றும். 34-க்கு 20 போட்டால் 1.7. 24-க்கு 14 போட்டால் 1.71. மூன்றும் காலுக்கு ஒன்றுதான்! இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தால் 21 என்பது நிறையவே சுருங்கிவிடும். அதிலும் என் மகன் மூன்றைத் தாண்டிப் பயன்படுத்தியிருப்பானா என்பது சந்தேகம். நம் பக்கம் ஏரி மண், சமதரை. ஏற்றம் என்று சொல்ல மேம்பாலம்தான் உண்டு.

கியரைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானலில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பார்த்து கியரைக் கழற்றினால் என்னைத் திட்டுவார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937-ல்தான் இந்த டீரெய்லரை அனுமதித்தார்கள். அதுவரை வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலை வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். அவர்களுக்கு ஆல்ப்ஸ் மலை இருந்தது. எனக்கு இருப்பது தாம்பரம் மேம்பாலம்.

பெரியவர் வேலை செய்ததை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கியர் லீவர், கேபிள், டீரெய்லர் எல்லாம் பத்து நிமிடத்தில் கழன்று வந்தன. பின்னால் இருந்த ஏழு பல்சக்கரமும் ஒரே கட்டி. மரையில் திருகி இறுக்கியது. அதைக் கழற்ற அதற்கென்று ஒரு சாவி இருக்கிறது. அது இல்லாமல் சுத்தியலும் உளியும் எடுப்பவரிடம் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். கழன்ற இடத்தில், சாதாரண சைக்கிளில் வரும் ஒற்றை ஃப்ரீவீல் அப்படியே மரையேறியது. விலை உயர்ந்த சைக்கிள்களில் மரை இருக்காது, வேறு அமைப்பு. அதற்குத் தனி சாமான் வாங்க வேண்டும்.

"இருக்கற ஏழுல ஒண்ணுலயே செயினைப் போட்டு விட்டுட்டா என்ன?" என்று கேட்டேன். சிரித்தார். கியர் சக்கரத்தில் பல்லையே சில இடங்களில் குட்டையாக வெட்டியிருப்பார்கள், செயின் சுலபமாகத் தாவுவதற்காக. அங்கே செயினை இருக்கச் சொன்னால் இருக்காது. பழைய செயினும் ஆகாது. கியர் செயின் ஒல்லி, ஒற்றை ஃப்ரீவீலின் பல் தடிப்பு. ஒல்லி செயின் தடித்த பல்லில் உட்காராது. அகலச் செயின் ஒல்லிப் பல்லில் உட்கார்ந்துவிடும். அதனால் புது செயின்.

கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. முன் சக்கரமும் பின் சக்கரமும் நேர்கோட்டில் இல்லையென்றால் செயின் கழன்றுகொண்டே இருக்கும். பின் ஆக்சிலில் ஒரு பக்கத்து வாஷரை எடுத்து மறுபக்கம் போட்டார். போட்டதும் சக்கரம் நடுவில் நிற்கவில்லை. கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் பெண்டு எடுத்தார். அரை மணி நேரம் இதற்கே போனது. வேலை தெரிந்தவரா என்று இதில்தான் தெரியும்.

செயின் தொய்வு மேலும் கீழும் அரை அங்குலம் இருந்தால் போதும். எங்கள் சைக்கிளில் பின்சக்கரம் மாட்டும் வாய் சாய்வாக வெட்டியிருந்ததால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்க முடிந்தது. அந்த வாய் செங்குத்தாக இருந்தால் இழுக்க இடமில்லை; செயினை அழுத்திப் பிடிக்க டென்ஷனர் என்ற சின்ன உருளை வேண்டும். டீரெய்லர் நல்ல நிலையில் இருந்தால், கேபிளை மட்டும் எடுத்துவிட்டு, திருகாணியால் ஒரே இடத்தில் நிறுத்தி அதையே டென்ஷனராக வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்து எந்தப் பல் என்று கேட்டார். முன்னால் 42, பின்னால் 16 என்றேன். பெடல் ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் ஓடும். காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. காகிதத்துக்கு மூட்டு வலி கிடையாது. வேளச்சேரி சாலையில் சிக்னல் பச்சையானதும் எழுந்து நின்று மிதித்தால்தான் சைக்கிள் நகர்ந்தது. பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாம் நாள் வலது முழங்காலில் தைலம்.

அப்போதுதான் மனைவி கேட்டாள். "ஏங்க, இது உங்களுக்கு மட்டும்தானா?"

அவள் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். அவளும் அப்படிக் கற்றவள்தான். அத்தை முன்னால் உட்கார, பின்னால் தண்ணீர்க் குடம் கட்டி ஓட்டியிருக்கிறாள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஒரு நாள்கூட ஓட்டவில்லை. நான் கேட்டதும் இல்லை.

தெருவில் ஏறி நாலு மிதி மிதித்தாள். சைக்கிள் தள்ளாடியது. இறங்கிவிட்டாள். "ஓட்டறது மறக்கலை. இது நகர மாட்டேங்குது" என்றாள்.

மறுநாள் மறுபடியும் கடைக்குப் போனேன். "அதான் சார் அன்னைக்கே கேட்டேன், யாரு ஓட்டப்போறதுன்னு" என்றார் பெரியவர். கியர் சைக்கிளில் இந்தக் கேள்வி எழாது. ஏறுகிறவர் தன் காலுக்கு ஏற்றதைப் போட்டுக்கொள்வார். ஒன்றே ஒன்று என்றால், வீட்டில் யார் காலுக்கு என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். முன்னால் நடுச்சக்கரம் 34, பின்னால் 18 பல் ஃப்ரீவீல். செயினில் இரண்டு கண்ணியைக் கழித்து, மிச்சத் தொய்வுக்குச் சக்கரத்தைப் பின்னால் இழுத்தார். பெடல் ஒரு சுற்றுக்கு இப்போது 3.9 மீட்டர்தான். இரண்டு நடைக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கழற்றிய கியர் சாமான்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நாளைக்கே யாராவது மலையூருக்குக் குடிபோகலாம்.

இதில் நான் ஓட்டினால் தையல் மெஷின் மிதிப்பது போலக் கால் வேகமாகச் சுற்றுகிறது. பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறார்கள். முழங்கால் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

பொங்கலுக்கு வந்த மகன் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஹேண்டில்பாரில் கியர் லீவர் இருந்த இடத்தை விரலால் தடவினான். "என் சைக்கிளை என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றான். கொஞ்சம் வருத்தம்தான் அவனுக்கு. பையை எடுத்துக் காட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைத்தான். "சரி, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று சாவியைத் தேடினான்.

சாவி ஆணியில் இல்லை. சைக்கிளும் வாசலில் இல்லை. அம்மா செம்பாக்கத்துக்குக் கரும்பு வாங்கப் போயிருந்தாள்.