வன்னியின் மழையும் நுரைச்சோலையின் புகையும்

இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் நிரம்புமா என்று ஆண்டுதோறும் ஆகாயத்தை நோக்கியிருக்கும் வன்னிக் குடிகளாகிய நாம், பெய்யும் நீர் எத்தன்மையது என்று வினவுவதில்லை. நிலக்கரிப் புகையிலெழும் கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் மேகத்து நீரோடு கூடிச் சல்பூரிக்கமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறி, மண்ணின் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்தகற்றி, அலுமினியத்தை விடுவித்து, சுவீடன், நோர்வே தேசங்களின் ஏரிகள் பலவற்றில் மீனினத்தையே நாசஞ்செய்தன என்பது சரித்திரம்.

புத்தளத்து நுரைச்சோலையில் 2011இல் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்றாக வளர்ந்த அனல் மின்நிலையத்தின் புகையை, தென்மேற்குப் பருவக்காற்று அநுராதபுரத்தையும் அதற்கப்பால் வவுனியாவையும் நோக்கியே உந்துகிறது. அப்பருவத்தில் நமக்கு மழை அரிது என்பது மெய்யே; ஆயினும் அமிலம் உலர்ந்த துகளாகவும் படியும். அநுராதபுரத்து ஸ்ரீ மகா போதி விருட்சத்துக்கு ஊறு நேருமோ என்று பகிரங்கமாக எழுந்த அச்சம், நம் வயல்களின் பொருட்டு எழலாகாதா?

வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும், சுத்தமான மழைக்குரிய ஏறத்தாழ 5.6 என்னும் பீஎச் பெறுமானத்தோடு நம் மழையை மாதந்தோறும் ஒப்பிட்டு, முடிவுகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும்.