மிகாபரும் ஒரு ஷில்லிங்கும்

பட்ஜெட் பாடம் நடந்த அன்னைக்கு போர்டில் ஒரு கணக்கு எழுதிப் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? வருஷ வருமானம் 20 பவுண்டு. செலவு அதைவிட 6 பென்ஸ் குறைஞ்சா நிம்மதி, 6 பென்ஸ் கூடினா நாசம். பேரு மிகாபர் விதி. "யாரு சார் அவரு, பெரிய ஆடிட்டரா?" என்று பின் பெஞ்சில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தோம், மணி அடித்தது, முடிந்தது.

வீட்டுக்கு வந்து ஆங்கில அகராதியைப் புரட்டினால் தலை சுற்றியது. மிகாபர் என்றால் கையில் காசில்லாமல், எப்படியும் நல்ல காலம் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டே இருக்கும் ஆள் என்று போட்டிருக்கிறது. அதிலிருந்து 'மிகாபரிஷ்', 'மிகாபரிசம்' என்று குட்டிகள் வேறு. ஒரே பேர், ஒரு பக்கம் சிக்கனத்தின் சின்னம், இன்னொரு பக்கம் பொறுப்பில்லாதவனுக்குப் பட்டம்! இது என்ன கூத்து?

பேர் சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் இருந்து வந்தது. 1849-50ல் மாதத் தொடராக வெளிவந்தது. நிஜ மனிதர்களிடம் அதிகம் காணாத குடும்பப் பேர். (ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிடாருக்கு இந்தப் பேரைத்தான் வைத்திருக்கிறார். அது தனிக் கதை.)

நாவலில் 10 வயசுப் பையன் டேவிட், மிகாபர் வீட்டில் வாடகைக்குத் தங்குகிறான். கடன்காரர்கள் வாசலில் நின்று கத்துகிறார்கள். மிகாபரின் மனைவி பெண்களுக்கான பள்ளி என்று பலகை மாட்டுகிறார், ஒருத்தியும் சேரவில்லை. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக்குப் போகிறது, எடுத்துப் போவது அந்தப் பையன்தான். கடைசியில் மிகாபர் கடனுக்காகச் சிறைக்குப் போகிறார். பார்க்க வந்த டேவிட்டிடம்தான் அந்தப் புகழ்பெற்ற கணக்கைச் சொல்கிறார். சொல்லி முடித்த கையோடு, பீர் குடிக்க அவனிடமே ஒரு ஷில்லிங் கடன் வாங்குகிறார்!

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுங்க, நாம காமர்ஸ் ஆளுங்கதானே. ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், பவுண்டுக்கு 20 ஷில்லிங். நிம்மதிக்கும் நாசத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் 6 பென்ஸும் 6 பென்ஸும். அதாவது சரியாக ஒரு ஷில்லிங். வருமானத்தில் கால் சதவீதம். அந்த ஒரு ஷில்லிங்கைத்தான் அவர் கடன் வாங்குகிறார். டிக்கன்ஸ் இதை யோசித்துத்தான் வைத்தாரா தெரியாது. ஆனால் எனக்கு அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் மாசக் கடைசி உண்டு.

டிக்கன்ஸுக்கு இது வெறும் கதை இல்லை. அவருடைய அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. 1824ல் ஒரு ரொட்டிக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்துக்காக மார்ஷல்சீ சிறையில் அடைத்தார்கள். பையனுக்கு அப்போது 12 வயசு, ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். கடன்காரனை உள்ளே தள்ளிவிட்டால் அவன் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பான்? இங்கிலாந்துக்கு இது உறைத்து, பெரும்பாலான கடன்களுக்குச் சிறை என்பதை எடுத்தது 1869ல்தான்.

அகராதி நாவலை முக்கால்வாசியோடு மூடிவிட்டது என்பதுதான் என் வாதம். ஏமாற்றுக்காரன் யூரியா ஹீப்பின் கள்ளக் கணக்கை அம்பலப்படுத்துவது யார்? சாட்சாத் மிகாபர்தான். அப்புறம் டேவிட்டின் பாட்டி முறை உறவான பெட்ஸி பணம் கொடுக்க, குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார். அங்கே வெயிலில் வியர்வை சிந்தி உழைத்து, மாஜிஸ்திரேட் ஆகி, பழைய கடன் அத்தனையும் அடைத்துவிடுகிறார். அத்தனையும்! இது எந்த அகராதியில் இருக்கிறது?

அதே ஆள்தான், அதே நம்பிக்கைதான். மாறியது கையில் கிடைத்த முதல். பொருளாதாரத்தில் இந்தப் பேருக்கு மூன்றாவதாக ஒரு உபயோகம் இருக்கிறது, நம் சிலபஸில் இல்லை. மைக்கேல் கார்ட்டர், கிறிஸ்டோபர் பாரெட் இருவரும் 2006ல் வறுமைப் பொறி பற்றி எழுதிய கட்டுரையில் 'மிகாபர் எல்லை' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். ஒரு குடும்பத்தின் சொத்து, அதாவது நிலமோ மாடோ எதுவோ, அந்த எல்லைக்குக் கீழே போய்விட்டால், சொந்தமாகச் சேமித்தே மேலே ஏறி வர முடியாது. எல்லைக்கு மேலே இருப்பவன் சேமித்தால் வளர்வான். கீழே இருப்பவனிடம் போய் 6 பென்ஸ் மிச்சம் பிடி என்றால்?

மூன்று அர்த்தத்தில் இது ஒன்றுதான் அந்த மனுஷரை முழுசாகப் படித்தவர்கள் வைத்தது என்று தோன்றுகிறது. அடுத்த தடவை அந்தக் கணக்கு போர்டில் வந்தால் நான் கையைத் தூக்கப் போகிறேன். பின் பெஞ்ச் மக்களே, கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க :)