பக்கத்தில் என்ன இருக்கு?

ஆசிரியருக்கு,

சென்னை அண்ணா நகரில் வரைபடம் குற்றம் சொல்ல முடியாதபடி இருக்கிறது. ஆங்கில எழுத்திட்ட பிளாக்குகள், எண்ணிட்ட அவென்யூக்கள். ஆனாலும் புதிதாகக் குடிவந்தவர் அந்தி நேரத்தில் சொந்தத் தெருவைத் தவறவிடுகிறார். இந்தத் தெருவில் நிழல்மரம், இரும்பு கேட், மாடி வீடு. அடுத்த தெருவிலும் அதே வரிசை. ஆட்டோக்காரர் கதவு எண்ணைக் கேட்பதே இல்லை. “பக்கத்தில என்ன இருக்கு?” என்பார். பிள்ளையார் கோயில், இஸ்திரி வண்டி என்று ஏதாவது சொன்னால்தான் வண்டி நகரும்.

1960இல் அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் ‘தி இமேஜ் ஆஃப் தி சிட்டி’ நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் வாசிகளிடம் ஊரைப் படமாக வரையச் சொன்னார். மனத்தில் பதிந்தவற்றைப் பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என ஐந்தாகப் பிரித்தார். ஜெர்சி சிட்டிக்காரர்கள் சொல்லத் தனித்த அடையாளங்கள் குறைவாகவே இருந்தன. பழகியவர்களுக்கே அந்தக் கதி!

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்ககங்களும் ஒரே அச்சுதான். ஆனால் பக்கச் சுவரில் பிளாக் எண்ணை ஆளுயரத்துக்குமேல் பெரிதாக எழுதிவிடுகிறார்கள்.

சென்னையிலோ ஒரே வாசலில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சண்டை போடுகின்றன. தெருப்பெயர்ப் பலகைமேல் டியூஷன் சுவரொட்டி. மாநகராட்சி முதலில் அந்தச் சுவரொட்டிகளையாவது கிழிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை